பத்து நிமிட இடைவேளை

“பிரேக் முடிஞ்சிடுச்சி மேடம், எழுந்திரிங்க” என்றார் இளவரசு.

பவானி அப்போதுதான் ஸ்டாஃப் ரூம் நாற்காலியில் சாய்ந்து, வீங்கிய கால்களை எதிரிலிருந்த பெஞ்சில் தூக்கி வைத்திருந்தாள். பத்து நிமிட இடைவேளையில் இன்னும் நாலு நிமிடம் பாக்கி இருந்தது.

“அஞ்சு நிமிஷம் சார். காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கேன். கண்ண இருட்டுது.”

“மூணாவது பேட்ச் வந்து ஒக்காந்தாச்சி. டவுட் கேக்கணும்னு நிக்கிறாங்க. போங்க.”

அவர் பவானியின் முகத்தைப் பார்க்கவில்லை. மூலையில் பொருத்தியிருந்த கேமராவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பவானி மேஜையைப் பிடித்து எழுந்தாள். மேடிட்ட வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு வகுப்புக்கு நடந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்து டெஸ்ட் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த ஹஃப்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிதம்பரத்தில் இருந்த அந்த ஜெர்மன் மொழிப் பள்ளியில் அவள் சேர்ந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் நர்ஸுகளுக்குத் தினமும் நாலு பேட்ச். காலை எட்டு மணிக்கு போர்டு முன்னால் நின்றால் சாயங்காலம் ஏழு மணிவரை ஓட்டம்தான்.

கடலூர் மெயின் பிராஞ்சில் இன்டர்வியூ நடந்தபோதே முதலாளி தில்லைநாதன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். “கிளாஸ்ல சேர் கெடையாது. பிரேக்குல போன் கெடையாது. ஒரே குடும்பத்து ஆளுங்களுக்கும் இங்க எடம் கெடையாதும்மா, பிரேக்க அரட்டையிலயே ஓட்டிடுவாங்க. நான் இங்கேர்ந்தே கேமராவுல பாத்துக்கிட்டு இருப்பேன்.” வேலை வேண்டியிருந்ததால் ஹஃப்சா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

தில்லைநாதனையாவது பொறுத்துக்கொள்ளலாம், அவர் கடலூரில் இருக்கிறார். பிராஞ்ச் மேனேஜர் இளவரசைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. மற்ற டீச்சர்கள் இரண்டு நிமிடம் பிந்திப் போனால் பார்க்காததுபோல இருந்துவிடுவார். பிள்ளைத்தாய்ச்சியான பவானியிடம் மட்டும் ஒரு நிமிடம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பவானியின் வகுப்பிலிருந்து அலறல் கேட்டது.

ஹஃப்சா ஓடினாள். மயங்கிச் சரிந்த பவானி, முதல் பெஞ்சின் விளிம்பில் வயிறு மோதி, மேடைக்குக் கீழே கிடந்தாள். புடவை நனைந்து சிவந்துகொண்டிருந்தது. சுற்றி நின்ற மாணவிகளை விலக்கிக்கொண்டு வந்த இளவரசு, அவளை இரண்டு கைகளிலும் வாரித் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினார். கேஸாகிவிடும் என்ற பயம் இப்போது மட்டும் வந்துவிட்டது என்று நினைத்தபடி ஹஃப்சாவும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே டாக்டர் கேட்டார்: “எத்தன மாசம்?”

ஹஃப்சாவுக்குத் தெரியவில்லை.

“ஏழு முடிஞ்சி ஒம்பது நாளு ஆவுது டாக்டர்” என்றார் இளவரசு.

ஹஃப்சா அவரைத் திரும்பி முறைத்தாள். நாள் கணக்குவரை தெரிந்து வைத்திருக்கிறார். தெரிந்தேதான் உட்கார விடவில்லை.

கதவு மூடிக்கொண்டது. இளவரசின் போன் அடித்தது. எடுத்ததும் தில்லைநாதனின் குரல் வராந்தாவுக்கே கேட்டது. “மூணாவது பேட்ச் சும்மா ஒக்காந்திருக்கே, யாருய்யா எடுக்குறது?” இளவரசு போனை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

அதற்குமேல் ஹஃப்சாவால் முடியவில்லை.

“நாலு நிமிஷம் பாக்கி இருந்திச்சி சார். அத அவங்களுக்கு விட்டிருந்தா நீங்க என்ன கொறஞ்சா போயிருப்பீங்க?”

அவர் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் சார் பேச மாட்டேங்கிறீங்க? மத்தவங்ககிட்டல்லாம் நல்லாத்தான இருக்கீங்க? அக்கா மேல மட்டும் என்ன சார் அப்படி ஒரு வஞ்சம்? அவங்க வீட்டுக்காரரு வந்து கேட்டா எந்த மொகத்த வச்சிக்கிட்டு பதில் சொல்லுவீங்க?”

வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இளவரசின் தோள்கள் குலுங்கின. நடிப்பு என்று ஹஃப்சா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள். கையில் ஒரு படிவம் இருந்தது.

“கொழந்தைக்குத் துடிப்பு இல்லம்மா. அம்மாவுக்கு ரத்தம் நிக்க மாட்டேங்குது, ஒடனே ஆபரேஷன் பண்ணணும். வீட்டுக்காரரு எங்க? கையெழுத்துப் போடணும்.”

“யா அல்லாஹ்…” ஹஃப்சா நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவருக்கு இன்னும் தகவலே சொல்லல சிஸ்டர். எங்கிட்ட நம்பரும் இல்ல.”

“சீக்கிரம் வரச் சொல்லுங்க, நேரமில்ல. இவரு யாரு?”

“எங்க மேனேஜர்” என்றாள் ஹஃப்சா, பல்லைக் கடித்துக்கொண்டு.

இளவரசு சுவரைப் பிடித்து எழுந்து வந்தார். சட்டை முழுக்க ரத்தம். கையைப் படிவத்துக்கு நீட்டினார்.

“குடுங்க சிஸ்டர். நான்தான் அவ வீட்டுக்காரன்.”