மலைக்குப் போன நண்டு

நனைந்த துண்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு நண்டு, கடற்கரையிலிருந்து சுற்றுலா வேனோடு மலை உச்சிக்கே வந்துவிட்டது.

"இங்க பார்க்க என்ன இருக்கு?" என்று அங்கிருந்த குரங்கிடம் கேட்டது.

"எனக்கென்ன தெரியும்? வர்றவங்க கையில இருக்கிற வேர்க்கடலையைத்தான் நான் பார்ப்பேன்."

நண்டு கம்பி வேலியில் ஏறி எட்டிப் பார்த்தது. கீழே நீலமாய்க் கடல், ஓரத்தில் வெள்ளைக் கோடாய் அலை.

"அடேயப்பா, அது யாரு ஊரு?"

"உன் ஊருதான்."

வேன் ஹாரன் அடிக்கும்வரை நண்டு கண்ணை எடுக்கவில்லை. "நீயும் எங்க ஊருக்கு வந்து பாரேன்" என்று குரங்கைக் கூப்பிட்டது. இரண்டும் வேன் கூரையிலேறிக் கடற்கரைக்கு வந்தன.

நண்டு பெருமையாக அலையைக் காட்டியது. குரங்கோ கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பச்சை மலையையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வைத்த வேர்க்கடலையை அலை அள்ளிக்கொண்டு போனதுகூட அதற்குத் தெரியவில்லை.