முதல் வகுப்பு அழுகை

முதல் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில், மகனோடு வந்திருந்த ஒரு தையல்காரருக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா, வீட்டுல ஒரே அழுகையா?” என்று கேட்டார் தையல்காரர்.

“ஆமாங்க. ஸ்கூலுக்குப் போகவே மாட்டேன்னுட்டா என் பொண்ணு. பசங்க கேலி பண்ணுவாங்களாம். நான்தான் ஊட்டிவிட்டு இழுத்துட்டு வந்தேன்.”

தையல்காரர் மடியிலிருந்த மகனைத் தட்டினார். “இவனும் முதல் வகுப்புதான். சரியான வாலு. ஆனா நான் சொல்லிட்டா, உங்க பொண்ண அழவிட மாட்டான்.”

“உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

தலைமையாசிரியை மைக்கைப் பிடித்தார். “முதல் வகுப்புக்குப் புதுசா வந்திருக்கிற டீச்சர் இப்ப உங்ககிட்டப் பேசுவாங்க.”

கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு ஓர் இளம்பெண் மேடையேறினாள்.

“அவதாங்க என் பொண்ணு,” என்றார் அம்மாள்.

தையல்காரர் மகனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மகன் டீச்சரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மெல்லச் சிரித்தான்.