உம் கொட்ட ஓர் ஆள்

“ரெண்டுமே சரியில்லை தம்பி. ஒண்ணுல படகு ஜாஸ்தி, இன்னொண்ணுல படிக்கட்டு ஜாஸ்தி” என்று சொல்லி, இரண்டு விளக்கத் தாள்களையும் மேசையின் மறுபக்கத்துக்கே தள்ளிவிட்டார் அந்த அம்மாள்.

சுற்றுலா அலுவலகக் குமாஸ்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை. ஐந்து மணிக்குப் பயணிகள் பட்டியலை மூடியாக வேண்டும். எதிரே இருந்தவரோ அரை மணி நேரமாக முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று கூட வந்த மகள் சொன்னாள். சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். மேசைமேல் சிதறிக் கிடந்த பேனாக்களை வந்ததும் வராததுமாக வரிசைப்படுத்தி வைத்துவிட்டார்.

“ஒரு மாசமாக் கெஞ்சி இன்னிக்குத்தான் சார் கூட்டிட்டு வந்தேன்” என்றாள் மகள். “ஏரிப் பயணமே எடுத்துக்கம்மா. மலை, ஏரி, படகு வீடுன்னு எட்டு நாள் சுகமாப் போயிடும். கோட்டை ஏறி இறங்க உன்னால முடியாது.”

“முடியாதுன்னு யாருடி சொன்னா? முப்பது வருஷம் மூணு மாடி ஏறி இறங்கினவ நான்.”

“அப்ப கோட்டைக்கே போறியா?”

“போறேன்னும் சொல்லலையே.”

மதில்மேல் பூனையையாவது விரட்டி ஒரு பக்கம் இறக்கிவிடலாம். மேட்ரனை விரட்ட முடியுமா? குமாஸ்தா பொறுமையாகவே சொன்னார்:

“கோட்டைப் பயணத்துல வழிகாட்டி நல்லா விளக்கிச் சொல்வாருங்க. சாயங்காலம் அரண்மனை முற்றத்துல பாட்டு, நாட்டியம் எல்லாம் உண்டு.”

“அவர் கொடியைத் தூக்கிக்கிட்டு முன்னால ஓடுவார், நாங்க பின்னால ஓடணும். அதானே? சரி, அறை எப்படி?”

“ரெண்டு பேருக்கு ஒரு அறைங்க. தனி அறை கிடையாது. ரெண்டு பயணத்துலயும் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. ஒவ்வொண்ணுலயும் ஜோடி கிடைக்காம ஒரு அம்மா இருக்காங்க. அறையைப் பகிர்ந்து பழக்கம் உண்டுங்களா?”

“சின்ன வயசுல உண்டு. ஒரே ஜன்னல் வெச்ச அறை. ஜன்னல் பக்கம் எனக்கு வாய்ச்சதே இல்லை. அது முடிஞ்ச கதை. ஏரிக்கு வர்றது யாரு?”

“பேரெல்லாம் கையெழுத்துக்கு அப்புறம்தாங்க சொல்லுவோம். நூலகரா இருந்தவங்க. அதிகம் பேச மாட்டாங்க. ஒன்பது மணிக்கு விளக்கை அணைச்சுடுவாங்க.”

“அது ஒழுங்கு! நானும் வார்டுல மணி ஒன்பது அடிச்சா விளக்கை அணைச்சுடுவேன்.”

“அப்புறம் என்ன, ஏரின்னு எழுதுங்க சார்” என்ற மகள், போகிற போக்கில் கேட்டாள்: “ஆமா, கோட்டைக்கு வர்றது யாராம்? அதையும் கேட்டு வைப்போமே.”

குமாஸ்தாவுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. கோட்டைப் பயணத்து அம்மாள் ஒரு மாதமாக வாரம் தவறாமல் வந்து, “யாராவது கிடைச்சாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போகிறவர். இன்று காலையில்கூடப் போன் செய்தார். உள்ளதைச் சொன்னால் இவரும் ஓடிவிடுவார். மறைத்தாலோ பிறகு பொல்லாப்பு. அந்த அம்மாள் எழுதிக் கொடுத்திருந்த தாளை எடுத்து வாசித்தார்:

“‘ஒன்று: நான் குறட்டை விடுவேன். இரண்டு: இரவு முழுவதும் விளக்கு எரிய வேண்டும். மூன்று: தூக்கத்தில் பேசுவேன். பக்கத்தில் இருப்பவர் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன்.’”

மகள் களுக்கென்று சிரித்தாள். “ஐயோ! இது தூங்கப் போறதா, கதை கேக்கப் போறதா?”

“இதுவரைக்கும் ஆறு பேர் ஓடிட்டாங்க. ‘கொஞ்சம் குறைச்சு எழுதுங்கம்மா’ன்னு சொல்லிப் பார்த்தேன். ‘இதைக் கேட்டும் ஓடாதவங்கதான் வேணும்’னு ஒரே பிடிவாதம்.”

மேட்ரன் சிரிக்கவில்லை. வரிசையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

“ஜோடி கிடைக்கலைன்னா அவங்க கதி?”

“அஞ்சு மணிக்கு அவங்க இடத்தை ரத்து பண்ணிடுவோம். வேற வழியில்லைங்க.”

“நமக்கென்னம்மா அதைப் பத்தி? ஏரின்னு சொல்லு” என்றாள் மகள்.

“நீ சும்மா இருடி. ஏரிக்குப் போறது நீயா, நானா?” படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் மேட்ரன். “தம்பி, கோட்டைன்னு எழுதுங்க.”

குமாஸ்தாவுக்குக் காதை நம்ப முடியவில்லை. “ராத்திரி முழுக்க விளக்கு…”

“எரியட்டும். முப்பது வருஷமா அணைச்சது போதும்.”

“அந்த உம்…”

“கொட்டறேன். நைட் டூட்டி எனக்குப் புதுசா?”

கையெழுத்தைப் போட்டார், குடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலை நோக்கி நடந்தார்.

பாவம், அந்த அம்மாள் காத்துக்கொண்டிருப்பாரே என்று குமாஸ்தா அவசரமாகப் போனை எடுத்தார். மகள் அவர் கையைத் தடுத்தாள்.

“இருங்க சார், நானே சொல்லிடறேன்.” எண்ணைக்கூடக் கேட்காமல் தன் கைப்பேசியை எடுத்து அழுத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது. “சித்தி, பெட்டியைக் கட்டுங்க! பன்னெண்டு வருஷமா உங்ககிட்ட முகம் கொடுத்துப் பேசாத உங்க அக்கா, பேரைக்கூடக் கேக்காம கையெழுத்துப் போட்டுட்டாங்க.”

வாசலில் நின்ற மேட்ரன் திரும்பவில்லை. முதுகும் வளையவில்லை. குரல் மட்டும் லேசாகப் பிசிறியது.

“அப்படியே அவகிட்ட சொல்லிடு. ஜன்னல் பக்கக் கட்டில் இந்தத் தடவை எனக்குத்தான்.”