இன்னொரு சுற்று

அல்சூர் ஏரியில் மிதந்த மோட்டார் படகுக்குள், அதன் அடித்தட்டில் முனிராஜ் குப்புறப் படுத்திருந்தான். வெளியே தண்ணீருக்குள் இருக்கும் விசிறியின் தண்டு போகும் துளையிலிருந்து நைந்த கயிற்றைப் பிடுங்கியதும் தண்ணீர் ஏறத் தொடங்கியது. புதுக்கயிற்றை அடைக்காவிட்டால் படகு முழுகிவிடும்.

"சீனு, தண்ணியில எறங்கிட்டியா?" என்று உதவிக்கு வரச் சொல்லியிருந்த பையனைக் கேட்டான்.

படகின் வெளிப்பக்கத்தில், தண்ணீருக்கடியிலிருந்து இரண்டு தட்டு கேட்டது.

"விசிறியச் சுத்துடா."

தண்டு சுழன்றது. கயிறு இறுகி உட்கார்ந்தது.

"நேத்து திட்டுனதுக்கு இன்னுமா கோவம்? வாயில என்ன கொழுக்கட்டையா?"

மறுபடி இரண்டு தட்டு. முனிராஜ் சிரித்துக்கொண்டான்.

அப்போது கரையிலிருந்து சீனுவின் குரல் வந்தது. "அண்ணே, பஸ்ஸு சிக்கல. இப்பத்தான் வர்றேன். தண்ணியில எறங்கட்டுமா?"

"வேணாம்டா, எறங்காத!"

கையை எடுத்தால் படகு போய்விடும். முனிராஜ் கடைசிக் கயிற்றைத் துளையில் வைத்தான்.

"இன்னொரு தடவ... சுத்துங்க."

தண்டு மெதுவாகச் சுழன்றது.