ஃபாரின்காரர்

“பாய், இவரு ஃபாரின்லேர்ந்து வந்திருக்காரு. புருஷன் பொஞ்சாதி ரெண்டே பேருதான். உங்க பின்கட்டு போதுமாம்” என்றான் வீட்டுத் தரகன் பாண்டுரங்கன்.

சாந்த் பாஷா சட்டென்று எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியையே நகர்த்திப் போட்டார். “உக்காருங்க சார். துபாயா, சவுதியா? நம்ம மச்சான்கூட ஜித்தாவுலதான் இருக்கான்.”

வீடு தேடி வந்த தம்பிராசா உட்காரவில்லை. “சிலோன்” என்றார்.

“சிலோனா? அப்ப… அகதியா?” சாந்த் பாஷாவின் கை நாற்காலியின் முதுகிலேயே நின்றுவிட்டது. “தப்பா நெனைக்காதீங்க பெரியவரே. போலீசு வரும், போவும். வயசுப் பொண்ணுங்க இருக்குற வூடு. எனக்கு அந்த டென்ஷன் ஆவாது.”

தெருவுக்கு வந்ததும் பாண்டுரங்கன் தலையில் அடித்துக்கொண்டான். “இன்னா சார் நீங்க? சாவி கைக்கு வர்ற வரைக்கும் சும்மா இருக்கக் கூடாதா? ஃபாரின்னு சொன்னது பொய்யா இன்னா? கடலைத் தாண்டித்தானே வந்தீங்க?”

தம்பிராசா தெருவோரமாக நடந்தார். அவருக்குக் கோபமும் வரவில்லை, அவமானமும் வரவில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவருடைய வீட்டை எரித்தார்கள். எதிர்ச்சரிவில் தேயிலைச் செடிகளுக்குள் மனைவியோடு பதுங்கியிருந்து, கூரை சரிந்து விழுவதைப் பார்த்தார். அன்றைக்கு மரத்துப்போன மனசு இன்னும் விழிக்கவில்லை.

அதுவரை முப்பது வருஷம் அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிளார்க்காக இருந்த அவர் சொன்னதுதான் சட்டம். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போய்க் கொழுந்து பறிக்கிறவர்கள் அவர் மேஜைக்கு முன்னால் காத்து நிற்பார்கள். நிமிர்ந்து முகம் பார்த்துப் பேசும் வழக்கம் அவருக்கு இருந்ததில்லை.

அப்புறம் மன்னார், படகு, மண்டபம் முகாம். முகாமில் அதிகாரிகள் ரெஃப்யூஜி என்றார்கள். ரயிலில் சிலோன்காரன் என்றார்கள். செஞ்சியில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு வேலை கிடைத்து வந்தால், பொழைக்க வந்தவன் என்று காதுபடவே பேசினார்கள். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்பதுபோல அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டு நடந்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் மனைவி காய்ச்சலோடு படுத்திருந்தாள். இருட்டுவதற்குள் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

“கடைசியா ஒண்ணு இருக்குது சார். சிங்கவரம் ரோட்டுல நாகம்மான்னு ஒரு இட்லிக் கடைக்காரம்மா. அங்கனா நான் பேசிக்கிறேன், நீங்க வாயத் தொறக்காதீங்க” என்றான் பாண்டுரங்கன்.

நாகம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். மாவுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவள், வந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள். கழுவிய சட்டியையே இன்னொரு தடவை கழுவினாள்.

“எக்கா, இவரு ஃபாரின்லேர்ந்து…”

“யாரு எவருன்னு நான் கேட்டனா?” என்று அவனை அடக்கினாள். முந்தானையில் முடிந்திருந்த சாவியை எடுத்துப் பக்கத்து ஓட்டு வீட்டைத் திறந்துவிட்டாள். “பெருக்கித்தான் வச்சிருக்கேன். கெணறு பின்னால இருக்குது.”

“அட்வான்ஸு?”

“அது கெடக்கட்டும். சீக்குல கெடக்குற பொம்பளைய முதல்ல கூட்டியா. நாலு தெரு தள்ளி லாட்ஜுல நடக்குறது எனக்குத் தெரியாதா? கஞ்சி வெக்கிறேன்.”

பாண்டுரங்கன் நம்ப முடியாமல் ஒரு விநாடி நின்றான். பிறகு ரிக்‌ஷா பிடிக்க ஓடினான்.

தம்பிராசா கடை பெஞ்சில் உட்கார்ந்தார். நாகம்மாள் இஞ்சி தட்டிப் போட்டு, பால் விடாமல் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். கடையில் பால் தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு வாய் குடித்தார். நாக்கில் ருசி தெரிந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, எதைத் தின்றாலும் மண் போலத்தான் இருந்தது. கண்கள் நிறைந்துவிட்டன.

“தங்கச்சி” என்றார், தம்ளரைப் பார்த்தபடி. “கரைக்கு வந்த நாள் தொட்டு ஆளுக்கொரு பேர் சொல்லித்தான் எங்களைக் கூப்பிடினம். அகதி எண்டினம், சிலோன்காரன் எண்டினம். எனக்கு எல்லாம் பழகிப்போச்சு. நீங்கள் ஒருத்திதான் ஒண்டும் கேக்காமல் கதவைத் திறந்தனீங்கள்.”

அவர் குடித்து முடிக்கும்வரை நின்று, நாகம்மாள் காலித் தம்ளரை எடுத்துக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல இருந்தது.

“தோட்டத்துல நீங்க எங்களக் ‘கள்ளத்தோணி’ன்னு கூப்புடுவீங்களே கிளாக்கரய்யா, அப்டி இங்க யாரும் உங்களக் கூப்புடலியே?”