பழைய டீச்சர்

"குழந்தை தப்பா வாசிச்சா நீங்க என்னங்க சார் பண்ணுவீங்க?"

நாற்காலியில் உட்காரும் முன்பே கோமதி கேட்டுவிட்டாள். வயலின் சொல்லித் தருபவர்களைத் தேடி அவள் படியேறும் ஐந்தாவது இடம் இது. பாலக்காட்டில் ஒருவர், "அடியாத மாடு படியாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கொடுத்த காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். இன்னொருவர் போனிலேயே நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் பாடம் நடத்துகிறவர். யார் தப்பு செய்தாலும் அவருக்குக் கேட்காது. மற்ற இருவரும், "கொஞ்சம் கண்டிப்பு வேண்டாமா?" என்றார்கள். பாலக்காட்டுக்குப் பக்கத்துச் சித்தூரில் இருக்கும் இந்தச் செபாஸ்டினை விட்டால் வேறு ஆள் இல்லை. கணவர் மோகனசுந்தரம்தான் போனில் பேசி நேரம் வாங்கியிருந்தார்.

செபாஸ்டினுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பீர்மேடு எஸ்டேட்டில் பிறந்து, சர்ச்சில் வயலின் பழகி, பிறகு கர்நாடக சங்கீதமும் கற்றவர்.

"ஒண்ணும் பண்ண மாட்டேன்க்கா," என்றார். "வாசிச்சு முடிக்கட்டும்னு விட்ருவேன். அப்புறம் அதே வரிய நான் பாடுவேன், பிள்ள கேக்கும். தன் தப்பு தன் காதுக்கே தெரிஞ்சுட்டா மறுபடி வராது. நாம அதட்டினா பயந்தான் வரும்."

அப்போதுதான் கோமதி நாற்காலியில் உட்கார்ந்தாள். இவ்வளவு சுலபமா இது?

பதினொரு வயது கிருத்திகா ஜன்னலோரம் உட்கார்ந்து, மழையில் நனைந்து நிற்கும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செபாஸ்டின் அவளுடைய வயலின் பெட்டியைத் திறந்து தந்திகளை விரலால் மீட்டினார். நான்கும் சுத்தமாகச் சேர்ந்திருந்தன.

"எட்டு மாசமா பிள்ள தொடவே இல்லன்னு அண்ணன் சொன்னாரு. சுருதி அப்படியே நிக்குதே?"

"கலையாம பாத்துக்கறமுங்க. என்னைக்காச்சும் எடுப்பான்னுதான்."

"அப்படி என்னதான் ஆச்சு?"

கோமதி மகளைப் பார்த்தாள். மகள் திரும்பவில்லை.

"நவராத்திரிக்குக் கோயில்ல வாசிக்கறதா இருந்துச்சுங்க. அதுக்கு மொத நாளு ஒரே எடத்துல திரும்பத் திரும்பப் பிசகுச்சு. டீச்சர் வில்லாலயே வெரல்ல அடிச்சுட்டாங்க. மோதிர வெரல் எலும்பு விரிசல் விட்டுப்போச்சு. மூணு வாரம் கட்டு."

செபாஸ்டினின் முகம் கறுத்தது. "இப்ப வெரல் சரியாயிருச்சா?"

"வெரல் கூடிருச்சுங்க. வயலினத்தான் தொட மாட்டேங்கறா."

"அதுக்கு முன்னாடியும் அடிச்சிருக்காகளா?"

"ஆறு வயசுல இருந்தேதானுங்க."

"தெரிஞ்சுமா அங்கயே படிக்க விட்டீக?"

கேள்வி சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும் என்றுதான் கோமதியும் நினைத்தாள்.

"அடிச்சாத்தான் வித்தை நிக்கும்னு ஒரு நெனப்புங்க. அந்த டீச்சரும் அடி வாங்கித்தான் படிச்சாங்க."

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னீக?"

"கதவுல நசுங்கிருச்சுன்னு."

"நல்லாருக்கு! அந்தம்மாவக் காப்பாத்த நீங்க பொய் சொன்னீகளாக்கும்?" செபாஸ்டின் எழுந்துவிட்டார். "இப்பவும் பாடம் எடுக்காகளா அவுக?"

"இல்லீங்க. அன்னைக்கே எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. வில்லக் கையில எடுக்கறதே இல்ல."

"பிள்ளகிட்ட மன்னிப்புக் கேட்டாகளா?"

"வாய் வரலீங்க அவங்களுக்கு."

செபாஸ்டின் ஜன்னலருகே போய்க் கிருத்திகாவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, அந்த டீச்சர் பேரென்ன?"

கிருத்திகா அவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாத்தீகளாக்கா? பேரச் சொல்லக்கூடப் பயப்படுது." அவர் எழுந்து கோமதி பக்கம் திரும்பினார். "நான் பிள்ளையச் சேத்துக்கிடுதேன். ரெண்டு மாசத்துக்கு வில்லே கிடையாது. பாட்டு, விரலால மீட்டுறது, அவ்வளவுதான். ஆனா அதுக்கு முந்தி அந்த டீச்சர்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசணும். நம்பரக் குடுங்க."

"வேண்டாமுங்க சார்..."

"குடுங்கக்கா. பிள்ளைய வச்சுக்கிட்டேதான் பேசணும். தப்பு தன்மேல இல்லன்னு அது காதால கேக்கட்டும். இல்லன்னா நான் என்ன சொல்லிக் குடுத்தாலும் இந்தக் கை வயலின எடுக்காது."

கோமதி கண்ணை மூடித் திறந்தாள். எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த ஆள் இவர்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

செபாஸ்டின் எண்களை அழுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்தார்.

கோமதியின் மடியில் இருந்த கைப்பைக்குள்ளிருந்து வயலின் ஒலித்தது. ஏழு வயதில் கிருத்திகா வாசித்த சரளி வரிசைப் பாடம், ரிங்டோனாக. கிருத்திகா சட்டென்று ஜன்னலை விட்டுத் திரும்பினாள்.

கோமதி போனை எடுத்துக் காதில் வைத்து, மகளையே பார்த்தபடி சொன்னாள்: "அந்த டீச்சர்தான் பேசறனுங்க. சொல்லுங்க சார், என்ற புள்ள கேக்கட்டும்."