ஒட்டு விழுந்த இடம்

மூன்றாவது முறையும் அதேதான் வந்தது.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். பேராசிரியராகி இருபது வருடம். திரையில் ஒரு சிப்பியின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. எழுத்தெழுத்தாக விரிந்து கிடந்தது.

பாதி வரை தாய் வழி. அதற்கப்புறம் தந்தை வழி.

இரண்டும் ஒரே இழையில்.

இந்தச் சிப்பியில் தாய் வழி, தந்தை வழி என்று இரண்டு வகை உண்டு; ஆனால் இவை ஒன்றோடொன்று கலக்காது என்றுதான் அவள் படித்தாள். அப்படியேதான் பாடமும் நடத்தினாள்.

முதல் முறை வந்தபோது மாதிரிக் குழாய் மாறியிருக்கும் என்றாள். அடுத்த முறை புதுச் சிப்பி, புது ஆள். மூன்றாவதை வேறு ஊர் ஆய்வகத்துக்கே அனுப்பிவிட்டாள். அவர்களுக்கும் அதே இடத்தில் அதே ஒட்டு.

துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்பே பிரிஸ்கா இதைக் கொண்டுவந்து காட்டினாள்.

இவளிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த கடலோரத்துப் பெண். அப்பா பாறையடியில் முங்கி எடுத்துக் கொடுத்த சிப்பிகள். மூச்சிரைக்க ஓடி வந்து, அச்சடித்த தாளை மேசையில் வைத்தாள்.

இவள் தாளை முழுதாகப் படிக்கக்கூட இல்லை.

"உனக்குக் கை சுத்தமில்ல பிரிஸ்கா. ரெண்டு சிப்பிய ஒண்ணாக் கலந்துட்ட."

எல்லார் முன்னாலும் சொன்னாள்.

அந்தப் பெண் தாளை அங்கேயே விட்டுப் போனாள். இன்னும் ஒரு வாரம் வந்தாள். பிறகு வரவில்லை. படிப்பும் அதோடு நின்றது. இப்போது ஏதோ பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாளாம்.

பேசாமல் கட்டுரையை எழுதி அனுப்பிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தத் தாள் அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டது.

தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் ஆறுவதற்குள் போனை எடுத்தாள்.

மறுமுனையில் பிள்ளைகளின் கூச்சல்.

"சொல்லுங்க மேடம்."

பிரிஸ்கா இவள் எண்ணை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

யோசித்து வைத்திருந்த மன்னிப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"பிரிஸ்கா... அந்தச் சிப்பி. எங்களுக்கும் அப்படியே வந்திருக்கு."

பிரிஸ்கா வகுப்பை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும்; கூச்சல் தேய்ந்தது.

"எட்டாயிரத்து நானூத்திப் பதினேழாவது எழுத்துலயா மேடம்?"

இவளால் திரையைப் பார்த்துத்தான் ஆமாம் என்று சொல்ல முடிந்தது.